உயிரோடு ஒரு அழுங்கு

1

மரத்துக்குள்ளிருந்து ஃபோன் அடித்தது.

மொடீசே டீ கெட்டிலை அந்தரத்தில் நிறுத்தினான்.

கலஹாரிப் பாலைவனத்தின் நட்டநடுவில் இருந்தார்கள். ஃபோன் கோபுரம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தே நாளாகிவிட்டது. இருவருடைய ஃபோன்களும் வெறும் டார்ச் லைட்டாகப் பதவி இறங்கி, ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

"செதுன்யா... உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. என்ன பறவைன்னு சொல்லு."

மடக்கு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உப்புக்கண்டம் மென்றுகொண்டிருந்த அவன் மனைவி, திரும்பாமலே சொன்னாள்.

சொல்லமாட்டாளா பின்னே? தலைநகர் கபரோனியிலிருந்து கிளம்பியதிலிருந்து, கேட்கிற சத்தத்துக்கெல்லாம் ஒரு பறவையின் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறவன் அவன். நேற்று ஜீப்பின் ஃபேன் பெல்ட் கிறீச்சிட்டதற்கும் ஒரு பெயர் சொன்னான். சிறகின் நிறத்தோடு.

ஃபோன் விடாமல் அடித்தது.

சத்தம் அவர்கள் தலைக்கு மேலே, பெரிய முள்மரத்தின் பொந்திலிருந்து வந்தது. செதுன்யா எழுந்து, நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப்போட்டு ஏறினாள்.

"கைய விடாத. பாம்பு இருக்கும்."

"பாம்பு ஃபோன் வச்சிருக்காது மொடீசே."

பொந்துக்குள்ளிருந்து வந்தது ஒரு சாட்டிலைட் ஃபோன். தடித்த கறுப்பு ஆன்டெனா. பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றியிருந்தது.

"எடுக்காத" என்றான் மொடீசே.

அடிக்கிற ஃபோனை எடுக்காமல் இருக்க அவளால் முடியாது. கபரோனியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் காலை முதல் மாலை வரை அதுதான் அவள் வேலை. கொதித்துப்போய் அழைப்பவன், அவளிடம் பேசிவிட்டு நன்றி சொல்லி வைப்பான்.

எடுத்தாள்.

"ஏன் இவ்ளோ நேரம்?" கரகரத்த ஆண் குரல்.

"மன்னிக்கணும் ரா. அடுப்புல டீ இருந்துச்சு." அந்த ஊரில் 'ரா' என்றால் ஐயா.

"டீ குடிக்கவா உன்ன அங்க அனுப்பிச்சேன்? சரக்கு எப்படி இருக்கு?"

செதுன்யாவின் மெல்லும் வாய் நின்றது.

"எந்தச் சரக்குன்னு கொஞ்சம் தெளிவாச் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்."

"எத்தன வச்சிருக்க நீ? அழுங்குதான். உயிரோட இருக்கா?"

"இருக்கு ரா."

"செதில் ஒண்ணு உதிர்ந்திருந்தாலும் வாங்கமாட்டாங்க. செத்துப்போச்சுன்னா, அதப் புதைக்கிற குழியில உன்னையும் சேர்த்துப் புதைப்பேன். புரியுதா?"

"நல்லாப் புரியுது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

எதிர்முனை ஒரு கணம் தடுமாறியது.

"...வேணாம். அங்கயே இரு. மறுபடி கூப்பிடுறேன்."

வைத்துவிட்டான்.

மொடீசேயின் கெட்டில் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. டீ மட்டும் மணலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"பேரு சொல்லல. அழுங்கு வேணுமாம். உயிரோட வேணுமாம். செத்தா என்னப் புதைச்சிடுவானாம்." செதுன்யா நாற்காலியிலிருந்து இறங்கினாள். "ரொம்ப மரியாதையா வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுட்டேன் மொடீசே. வாய்ப் பழக்கம்."

மொடீசே கெட்டிலை மணலில் வைத்தான். மருந்துக்கடை நடத்துகிறவன் அவன். இந்த நாட்டில் அழுங்கை, அந்தச் செதில் போர்த்திய எறும்புத்தின்னியை, பிடித்து விற்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று செய்தித்தாளில் படித்தவன். சீட்டில்லாமல் மருந்து கேட்கிறவனைக்கூட அதட்டத் தெரியாதவன்.

"போலீஸுக்கு அடி. இதுலேருந்தே அடி."

"பார்த்தேன். ரகசிய எண் கேக்குது. வர்றதத்தான் எடுக்க முடியும்." அவள் கண்கள் சுருங்கின. "மொடீசே... அவன் ஆள இந்த இடத்துல இருக்கச் சொல்லியிருக்கான். நாம புக் பண்ணது ஆறாம் நம்பர் முகாம்தானே?"

"ஆறுதான். பலகையில போட்டிருக்கே."

"எங்க, காட்டு."

வண்டித்தடம் பிரியும் இடத்தில் நம்பர் பலகை இருந்தது. மேல் ஆணி கழன்று, ஒற்றை ஆணியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

செதுன்யா அதை ஒரு விரலால் நிமிர்த்தினாள்.

ஒன்பது.

"ஆறு மாதிரிதான் இருந்துச்சு" என்றான் மொடீசே, தரையைப் பார்த்து.

"நீ தலைகீழா நின்னு பார்த்திருந்தா கரெக்டா இருந்திருக்கும், ரா."

மனைவி தன்னை 'ரா' என்று மரியாதையாக அழைத்தால், அவள் கோபத்தில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

"சரி, மூட்டை கட்டு. கெளம்பிடலாம்" என்றான். "பூங்கா கேட்டுக்குப் போனா அங்க வயர்லெஸ் இருக்கும்..."

"கெளம்ப முடியாது."

"ஏன்?"

செதுன்யா கை நீட்டினாள். பள்ளத்தாக்கின் அந்தப்பக்கம், வெளுத்த புல்வெளிக்கு மேலே, ஒரு புழுதிக்கோடு எழும்பி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

2

வந்தது ஒரு வெள்ளை வண்டி. இறங்கியது ஒரு பெண்.

அறுபதை நெருங்கும் வயது. தலைமையாசிரியை போன்ற கண்ணாடி. கலஹாரிப் புழுதியில் இஸ்திரி கலையாத சட்டை.

"துமெலா" என்று வணக்கம் சொல்லிச் சிரித்தாள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். என் பேரு பெலோனோமி. இது என் இடம்னு நெனைக்கிறேன்... ஒன்பது."

"ஆறுன்னு நெனச்சு வந்துட்டோம் மா" என்றாள் செதுன்யா. "எங்க வீட்டுக்காரருக்கு எண்கள் கொஞ்சம் தகராறு. மருந்துக்கடை வேற வச்சிருக்காரு. டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கலாமே. அவசரம் ஒண்ணும் இல்ல. வழியில டயர் வெடிச்சதுல ஏற்கெனவே லேட்டு."

உட்கார்ந்தாள். சிரித்தாள். இஞ்சி பிஸ்கட் எடுத்து நீட்டினாள்.

ஆனால் அவள் கண்கள் சிரிப்பில் சேரவில்லை. அவை மரத்தைப் பார்த்தன. பொந்தைப் பார்த்தன. பொந்துக்குக் கீழே கிடந்த நாற்காலியின் கால்தடத்தைப் பார்த்தன.

செதுன்யாவோ அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய ஐஸ் பெட்டி. அதன் மூடியில் வரிசையாகத் துளைகள்.

ஐஸுக்கு எதற்கு மூச்சு விடத் துளை?

பெட்டிக்குள் ஏதோ சுரண்டியது.

"என்ன சத்தம் மா அது?" என்றான் மொடீசே. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐஸ் உருகி நகருது" என்றாள் பெலோனோமி.

"ஆமா" என்றாள் செதுன்யா. "வெயில் அதிகம் இல்லையா?"

மூவரும் டீ குடித்தார்கள். தூரத்தில் ஒரு கானமயில் புல்லுக்குள் நிதானமாக நடந்துபோனது. வாழ்க்கையில் முதல்முறையாக மொடீசே அதன் பெயரைச் சொல்லவில்லை.

அப்போது செதுன்யாவின் பாவாடைக்குள் ஃபோன் அடித்தது.

பெலோனோமியின் கோப்பை உதட்டருகே நின்றது.

செதுன்யா அவசரப்படாமல் பாவாடைப் பையில் கைவிட்டு, ஃபோனை எடுத்து, காதில் வைத்தாள்.

"சொல்லுங்க அத்தே" என்றாள் குரலில் தேனொழுக.

"என்னது அத்தே?" என்றது கரகரத்த குரல். பிறகு புரிந்துகொண்டது. "பக்கத்துல ஆள் இருக்கா?"

"ஆமா அத்தே."

"ரேஞ்சரா?"

"இல்ல அத்தே. சும்மா ஊர் பார்க்க வந்தவங்க. ரொம்ப நல்லவங்க. பிஸ்கட்லாம் குடுத்தாங்க."

"பெட்டி பத்திரமா?"

"கண்ணு முன்னாடியேதான் இருக்கு அத்தே."

"கேளு. எடுக்க வர வேண்டிய பய ரோட்டுல மாட்டிக்கிட்டான். நான் பக்கத்துலதான் இருக்கேன். நானே வரேன். பச்சை வண்டி. அந்த ஊர் பார்க்க வந்தவங்கள அதுக்குள்ள கெளப்பி விட்டுடு."

"நீங்களே வரீங்களா அத்தே? உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"வைடி ஃபோன."

செதுன்யா வைத்தாள். பாவாடைக்குள் செருகிக்கொண்டாள்.

"மாமியாரு" என்றாள் பெலோனோமியிடம். "இவரோட அம்மா."

"இங்க சிக்னலே கிடையாதே?"

"அத்தைக்கு எங்க இருந்தாலும் கிடைச்சிடும் மா."

மொடீசே டீயில் புரையேறி இருமினான். அவன் அம்மா தன் வாழ்நாளில் மருமகளுக்கு ஃபோன் செய்ததே இல்லை. மருமகள் எடுத்துவிடுவாளோ என்ற பயம்தான் காரணம்.

பெலோனோமி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"கொஞ்சம் புதர்ப் பக்கம் போய்ட்டு வரேன்."

"தனியாவா? நேத்து இங்க சிங்கத்தடம் பார்த்தோம் மா. நான் துணைக்கு வரேன்."

"வேணாம்..."

"பரவாயில்ல, எனக்கும் போகணும்."

போகும்போது செதுன்யா கணவனைத் திரும்பிப் பார்த்து, கண்ணால் வெள்ளை வண்டியைக் காட்டினாள்.

திருமணமான இத்தனை வருடங்களில் அவள் கண்ஜாடை ஒன்றைக்கூட அவன் சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

இன்று புரிந்துகொண்டான்.

3

பெட்டியைத் திறந்தான்.

ஈரச்சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் ஒரு பந்து. பழுப்புச் செதில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பந்து. அவன் விரல் பட்டதும் இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. செதில்களுக்கு நடுவே ஒரு சின்ன மூக்குநுனி தெரிந்து, பயந்துபோய் மறைந்தது.

மொடீசே சட்டையைக் கழற்றினான்.

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான்.

பந்தைத் தன் சட்டையில் சுற்றி அணைத்துக்கொண்டு ஓடினான். முகாமுக்குப் பின்னால், பெரிய புற்றுக்கு அருகே ஏதோ விலங்கு தோண்டிய ஆழமான வளை ஒன்று இருந்தது. அதன் வாயில் மெல்ல வைத்தான்.

"போ தாயி. போயிடு."

பந்து அசையவில்லை. பிறகு கொஞ்சம் விரிந்தது. பின்னங்கால்களில் எழுந்து, முன்கால்களைக் கும்பிடுவதுபோல மார்பில் வைத்துக்கொண்டு, குடுகுடுவென்று வளைக்குள் போய் மறைந்தது.

மொடீசே திரும்பி ஓடிவந்தான். பெட்டி காலியாக இருந்தால் கனம் காட்டிக்கொடுத்துவிடுமே? ராத்திரிக்கென்று இடித்து வைத்திருந்த மாட்டிறைச்சி செஸ்வா, இரும்புப் பானையோடு உள்ளே போனது. மேலே ஈரச்சாக்கு. மூடினான்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்து அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்தால் எந்த நீதிபதியும் விசாரணை இல்லாமலே தண்டனை கொடுத்துவிடுவார்.

புதர் விலகியது.

முன்னால் செதுன்யா வந்தாள்.

பின்னால் பெலோனோமி வந்தாள்... கையில் துப்பாக்கியோடு.

மொடீசே இரண்டு கைகளையும் தூக்கினான்.

"அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க மா. கெஞ்சிக் கேக்குறேன்."

"கைய இறக்கு" என்றாள் செதுன்யா. "அவங்க போலீஸ்."

"...என்னது?"

"போலீஸ். அடையாள அட்டை காட்டினாங்க. ஃபோட்டோவுலகூட இஸ்திரி போட்ட சட்டைதான்."

பெலோனோமி துப்பாக்கியை இடுப்பில் செருகினாள்.

"புதருக்குள்ள உங்க மனைவிகிட்ட ஃபோனக் குடுன்னேன். கடத்தல்காரிக்கு எதுவும் குடுக்கமாட்டேன்னு என் மேல மண்ண வாரி வீசினாங்க. அப்புறம்தான் ஒருத்தரையொருத்தர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு தெரிஞ்சுது." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "அழுங்கக் கொண்டுவர வேண்டிய பொம்பளைய நேத்து பிடிச்சோம். ஒவ்வொரு தடவையும் புது ஆளு. மரத்துல ஃபோன் இருக்கும், குரல் வரும், அவ்ளோதான். அவளுக்குப் பதிலா நான் வந்தேன். எனக்கு முன்னாடி நீங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க."

"அந்தக் குரல் யாரு மா?" என்றாள் செதுன்யா.

"அதத்தான் ரெண்டு வருஷமா தேடுறேன். முகத்த யாரும் பார்த்ததில்ல. சரக்க எடுக்கவும் ஆளுதான் வரும். இன்னைக்குத்தான் முதல் தடவையா அவனே வரேன்னிருக்கான்... உங்ககிட்ட. அவனுக்குத் தெரிஞ்சது உங்க குரல்தான். அதனால நீங்கதான் பேசணும்."

"நானா?"

"என் ஆளுங்க மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்காங்க. வண்டிப் புழுதி தெரியக் கூடாதுன்னு தள்ளி நிறுத்தியிருக்கேன். வந்து சேர நேரம் ஆகும். அதுவரைக்கும் அவனப் பேச்சுல நிறுத்தி வச்சா போதும். அவன் கை அந்த அழுங்கு மேல பட்டதும் கேஸ் முடிஞ்சுது. அது ஒண்ணுதான் என் சாட்சி. அது இல்லன்னா, காட்டுல டீ குடிக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

மொடீசே பெட்டியைப் பார்த்தான்.

"மா... அந்தச் சாட்சி..."

"சாட்சிக்கு என்ன?"

"கெளம்பிப் போயிடுச்சு."

முள்மரத்தில் ஒரு இருவாச்சி கொக்கரித்தது. சிரிப்பதுபோலவே இருந்தது.

"எங்க?" என்றாள் பெலோனோமி, மிக மெதுவாக.

"பூமிக்குள்ள மா. வளையில. அது... கும்பிட்டுட்டுப் போச்சு."

செதுன்யா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "என் கண்ஜாடைக்கு 'பெட்டியில என்ன இருக்குன்னு பாரு'ன்னு அர்த்தம் மொடீசே. 'விடுதலை குடு'ன்னு இல்ல."

தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

பச்சை வண்டி.

4

பெலோனோமி வயர்லெஸ்ஸில் இரண்டே வார்த்தை பேசினாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து மரநிழலில் வைத்தாள். ஜீப்பின் கூரைமேல் விரித்திருந்த கூடாரத்துக்குள் ஏணி வழியாக ஏறி மறைந்தாள். வயதுக்கு மீறிய வேகம்.

"நான் என்ன பண்ண?" என்றான் மொடீசே.

"நீதான் இந்தப் பயணத்துல எத்தன தடவ மணல்ல மாட்டியிருக்க?"

"அது எதுக்கு இப்ப..."

"மாட்டுற இடம் எதுன்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும். அங்க நிறுத்த வை."

மொடீசே ஓடினான். தடத்துக்குப் பக்கத்தில், கெட்டியான தரைபோல ஏமாற்றும் வெளுத்த மணல் ஒன்று இருந்தது. நேற்று ஜீப்பைத் தோண்டி எடுக்க இடுப்பு ஒடிந்துபோனது அங்கேதான்.

"இப்படி வாங்க ரா, இப்படி. நிழல் இருக்கு. இன்னும்... இன்னும்... அவ்ளோதான்."

பச்சை வண்டி சொகுசாக வந்து அமர்ந்தது. மெல்ல ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ஓட்டிவந்தவன் கவனிக்கவில்லை.

தடித்த மனிதன். நரைத்த மீசை. தோளில் ரைஃபிள். வண்டிக்குள் முன்னிருக்கையில் ஒரு பெண் அகலத் தொப்பியோடும் கறுப்புக் கண்ணாடியோடும் கழுத்தில் பைனாகுலரோடும் உட்கார்ந்திருந்தாள்.

"இவன் யாரு?" என்றான் மொடீசேயைக் காட்டி.

"கூலிக்கு வச்சேன்" என்றாள் செதுன்யா. "கொஞ்சம் மந்தம். கண்டுக்காதீங்க. வண்டியில யாரு?"

"என் பொண்டாட்டி. எங்க போனாலும் கூடவே வருவேன்னு ஒரே பிடிவாதம். அவளும் மந்தம்தான். பெட்டி எங்க?"

வண்டியின் கண்ணாடி இறங்கியிருந்தது. தொப்பி இலேசாக இந்தப்பக்கம் திரும்பியது.

"அதோ இருக்கு. ஆனா ரா..." செதுன்யா பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். "எடுத்துக் குடுக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு சரிபார்ப்பு."

"என்ன சரிபார்ப்பு?"

"ஃபோன்ல பேசினது நீங்கதான்னு நான் எப்படி நம்புறது? இந்தக் காட்டுல யார் வேணா பச்சை வண்டியில வரலாம். தப்பான ஆள்கிட்ட குடுத்துட்டா என்னப் புதைக்கிறேன்னு சொல்லியிருக்காரே அவரு."

"நான்தாண்டி அவரு."

"நீங்களாவே இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. முழுப் பேரு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. பேர் சொல்வதா? தன் பேரை யாருக்கும் சொல்லாததால்தான் இத்தனை நாள் வெளியே இருக்கிறான்.

"பேர் வேணாம்னா பரவாயில்ல" என்றாள் செதுன்யா அனுதாபத்தோடு. "பெரியவரு இந்நேரம் வந்துடுவாரு. அவரு வரட்டும். நீங்க அவருகிட்ட வேல பார்க்கிறவரா இருக்கும்."

அது குத்தியது.

"நான் வேலைக்காரனா? பென்னெட் மொஹாபி நான். இந்தக் கலஹாரியில ஒரு செதில் நகரணும்னா என்னக் கேட்டுத்தான் நகரணும்."

"நன்றி ரா மொஹாபி. ரொம்ப உதவியா இருக்கு. கடைசியா நீங்க சரக்கு எடுத்தது எப்ப, எங்கேருந்துன்னு..."

"மழைக்கு முன்னாடி. இதே மரத்தடியிலேருந்து. ஒரு கிழவன் கொண்டாந்தான், அதுக்கு முன்னாடி அவன் தம்பி. போதுமா?"

"அந்தச் சரக்குல ஏதாவது குறை இருந்துச்சா?"

"ஒண்ணு வழியிலயே செத்துடுச்சு. உரிச்சுத்தான் அனுப்பினேன்."

செதுன்யாவின் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"உங்க சிரமம் புரியுது ரா."

"எந்திரி."

அவளைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்தான். ஈரச்சாக்கைத் தூக்கினான்.

இரும்புப் பானை.

மூடியைத் திறந்தான். செஸ்வா மணத்தது.

பென்னெட் மொஹாபி நிமிர்ந்தான். ரைஃபிள் தோளிலிருந்து இறங்கியது. அதன் வாய் செதுன்யாவின் நெற்றிக்கு நேராக வந்து நின்றது.

"எங்க அது?"

புகார்ப் பிரிவில் இதற்கு மட்டும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

"நான்தான் விட்டேன்."

மொடீசே. அவளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் வந்து நின்றிருந்தான். குரல் நடுங்கியது. ஆனால் நகரவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் பெட்டியத் திறந்தேன். நான்தான் விட்டேன். சுடணும்னா என்னச் சுடு."

"தள்ளு மொடீசே" என்றாள் செதுன்யா பின்னாலிருந்து.

"மாட்டேன்."

"சொன்னாக் கேளு."

"ஒரு தடவையாவது நீ கேளேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றது மூன்றாவது குரல், வானத்திலிருந்து. "மொஹாபி, ரைஃபிள கீழ போடு. போலீஸ்."

கூரைக் கூடாரத்தின் ஜன்னலில் ஒரு கைத்துப்பாக்கியும், அதற்கு மேலே ஒரு தலைமையாசிரியைக் கண்ணாடியும் தெரிந்தன.

அவன் ரைஃபிளைப் போட்டான். போட்ட வேகத்தில் திரும்பி ஓடினான். வண்டிக்குள் பாய்ந்தான். எஞ்சினை முடுக்கினான்.

சக்கரம் சுழன்றது. மணல் பறந்தது.

வண்டி கம்பீரமாகக் கீழே போனது. அச்சுவரை.

"இன்னும் மிதி ரா" என்று கத்தினான் மொடீசே. "நானும் நேத்து அப்படித்தான் மிதிச்சேன்."

மேட்டுக்கு அந்தப்பக்கமிருந்து இரண்டு புழுதிக்கோடுகள் எழும்பின.

5

கைவிலங்கு மாட்டியபோது பென்னெட் மொஹாபி சிரித்துக்கொண்டிருந்தான்.

செதுன்யா கணவனின் கையை இன்னும் விடவில்லை. திட்டுவதற்கென்று பிடித்த கை அது. திட்ட வரவில்லை.

"பைத்தியக்காரா" என்றாள் கடைசியில்.

"ம்."

"மறுபடி அந்த மாதிரி நடுவுல வந்து நின்னே..."

"ம்?"

"ஒண்ணுமில்ல. சட்டையப் போடு. வெயில் ஏறுது."

மொஹாபி சிரிப்பை நிறுத்தாமல் பெலோனோமியைப் பார்த்தான்.

"எந்தக் கேஸ்ல மா என்னக் கொண்டுபோற?"

"நீ பேசினதெல்லாம் மேல கூடாரத்துல என் ஃபோன்ல பதிவாகியிருக்கு."

"பொம்பள முன்னாடி பெருமை அடிச்சேன். காட்டுக்கு வர்ற ஆம்பளைங்க எல்லாம் அடிக்கிறதுதான். அழுங்கு எங்க? ஒரு செதில் காட்டு. செஸ்வா வச்சிருந்தது குற்றமா? ரைஃபிளுக்கு லைசென்ஸ் இருக்கு, நீட்டினதுக்கு ஜாமீன் இருக்கு. என் வக்கீல் வந்தா சாயங்காலமே நான் வெளிய."

பெலோனோமி மணலில் கிடந்த ரைஃபிளை எடுத்தாள். அவளுக்கும் அது தெரியும். இஸ்திரி போட்ட சட்டைக்குள் அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. இரண்டு வருடம். கைக்கெட்டிய தூரத்தில்.

மொடீசே தலைகுனிந்தான். "என்னாலதான் மா. மன்னிச்சிடுங்க."

"அது உயிரோட போச்சு இல்ல" என்றாள் பெலோனோமி. "அந்தமட்டும்..."

அப்போது பச்சை வண்டியின் கதவு திறந்தது.

எல்லோரும் மறந்தே போயிருந்த பெண், அகலத் தொப்பியோடு இறங்கினாள். மணலில் செருப்பு புதைந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"டினேயோ, வண்டியிலயே இரு" என்றான் மொஹாபி.

அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வண்டியின் பின்பக்கம் போனாள். கதவைத் திறந்தாள். பச்சை நிறப் பெரிய பை ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

"டினேயோ." இப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை. "அதத் தொடாத."

"தொடாத, தொடாதன்னு வழி முழுக்கச் சொன்னே" என்றாள் அவள், மூச்சிரைக்க இழுத்தபடியே. "கூடாரம் கிழிஞ்சிடும்னு சொன்னே. ரெண்டாவது தேனிலவுன்னு சொன்னே. நேத்து ராத்திரி என்ன வண்டி சீட்டுலயே தூங்க வச்சே. கூடாரம் எங்கன்னு கேட்டா, கொசு இல்லாத இடத்துல விரிக்கலாம்னு சொன்னே."

பை மணலில் விழுந்தது. டினேயோ குனிந்து ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே கூடாரம் இல்லை.

செதில்கள். பழுப்பு நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், விளிம்புவரை செதில்கள். வெயில் பட்டு மின்னின.

பெலோனோமி மண்டியிட்டு ஒன்றை எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணாடி கலங்கியிருந்தது. இம்முறை புழுதியால் இல்லை.

"மா டினேயோ... இத நீங்க கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

"மந்தம்னு சொன்னான் இல்ல என்ன? மெதுவாத்தான் சொல்லுவேன். ஆனா எல்லாத்தையும் சொல்லுவேன்."

"டினேயோ... நான் உனக்காகத்தான்..." என்றான் மொஹாபி.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். விலங்கு பூட்டிய கணவனையும், துப்பாக்கி ஏந்திய பெண்ணையும், புழுதியோடு வந்து நிற்கும் போலீஸ் வண்டிகளையும் பைனாகுலரை உயர்த்தி நிதானமாகப் பார்த்தாள்.

"சிங்கம் காட்டுறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தே. பரவாயில்ல பென்னெட். வேலை செய்யுற போலீஸக் காட்டிட்ட... அது சிங்கத்தவிட அபூர்வம்."